செயின்ட் ஐவ்ஸ்: கீழே வலை, மேலே ஓவியம்

கேள்வியின் சுருக்கம் இது: “மகளைப் பார்க்க லண்டன் போகிறோம். மூன்று நாள் நாங்கள் இருவர் மட்டும் வெளியூர் போய்வரலாம். சிறிய மீனவ ஊராக இருக்க வேண்டும், அங்கே கலையும் உயிரோடு இருக்க வேண்டும். ஓவியம் பற்றி எங்களுக்கு அதிகம் தெரியாது. எங்கே போகலாம், அங்கே எதைப் பார்க்கலாம்?”

கார்ன்வாலில் உள்ள செயின்ட் ஐவ்ஸுக்குப் போங்கள். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், அட்லாண்டிக் கடலை நோக்கி நீண்டு கிடக்கும் தீபகற்பத்தின் வடகரையில் இருக்கிறது. கிராமம் என்று சொன்னால் ஊர்க்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பத்தாயிரத்துக்குச் சற்றுக் கூடுதலானவர்கள் வாழும் ஊர். ஆனால் துறைமுகத்தை ஒட்டி மீனவர்கள் குடியிருந்த பழைய பகுதி ஒரு கிராமத்தின் அளவுதான். டவுனலாங் என்பது அதன் பெயர். இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய கருங்கல் சந்துகள். நீங்கள் பார்க்க வேண்டியவற்றில் பெரும்பகுதி அதற்குள்ளேயே அடங்கிவிடும்.

ஓவியம் தெரியாது என்ற தயக்கம் வேண்டாம். இந்த ஊரின் கலை வரலாறு புரிய, மீன் தெரிந்தால் போதும். இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் நேராக டேட் அருங்காட்சியகத்துக்குப் போய், எந்த உருவத்தையும் காட்டாத, புரியாத அரூப ஓவியங்களின் முன் சங்கடமாக நின்றுவிட்டு, ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். மீன் கிடங்கில் தொடங்கி டேட்டில் முடியுங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ஊர் பில்சார்ட் என்ற மீனால் வாழ்ந்தது. நம் மத்திக்கும் சாளைக்கும் நெருங்கிய உறவு. கோடையின் பிற்பகுதியிலிருந்து இந்த மீன் பெருங்கூட்டமாகக் கரையோரம் வரும். அதைப் பார்த்துச் சொல்வதற்கென்றே குன்றின் மேல் ஒருவர் காவல் இருப்பார். கடலின் நிறம் ஓரிடத்தில் சிவந்து கருத்தால் மீன் வந்துவிட்டது என்று பொருள். உடனே “ஹெவா, ஹெவா” என்று கத்துவார். ஊரே கரைக்கு ஓடும். இரு கைகளிலும் புதர்க்கட்டுகளைப் பிடித்து அசைத்து, படகு எந்தப் பக்கம் போக வேண்டும், வலையை எங்கே இறக்க வேண்டும் என்று மேலிருந்தே அவர் சைகை காட்டுவார். நம் கரைவலைக்காரர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. கூட்டத்தை வலையால் வளைத்துவிட்டு, நாள் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மீனை அள்ளுவார்கள்.

அள்ளிய மீன் கிடங்குக்கு வரும். அங்கே பெண்கள் உப்பும் மீனுமாக அடுக்கடுக்காகச் சுவர்போல் கட்டுவார்கள். சில வாரங்கள் ஊறியபின் பீப்பாய்களில் அடைத்து, மேலே கல்லைத் தொங்கவிட்டு அழுத்துவார்கள். வடியும் எண்ணெய் தரையில் வெட்டிய வாய்க்கால் வழியாகக் குழியில் சேரும். அது விளக்குக்குப் போகும். மீன் இத்தாலிக்குப் போகும். தவக்காலத்தில் இறைச்சி உண்ணாத கத்தோலிக்கர்கள்தான் பெரிய வாடிக்கையாளர்கள். புராட்டஸ்டண்ட் பிரிவான மெதடிஸ்ட் சபைக்காரர்கள் நிறைந்த இந்த ஊர் போப்பாண்டவருடைய நோன்பை நம்பிப் பிழைத்தது என்பதை நினைத்து எனக்கு எப்போதும் சிரிப்பு வரும்.

அந்த நூற்றாண்டின் இறுதியில் மீன் வரத்துக் குறைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் தொழிலே ஏறக்குறைய முடிந்துபோனது. இதற்கு முன்னரே, 1877-இல், ரயில் வந்துவிட்டது. மீனை வேகமாக ஏற்றி அனுப்பப் போட்ட பாதையிலேயே ஓவியர்கள் வந்து இறங்கினார்கள். 1883-84 குளிர்காலத்தில் விஸ்லரும் சிக்கெர்ட்டும் வந்து தங்கி வரைந்தார்கள். வந்தவர்களுக்குத் தேவையான இடம் தயாராக இருந்தது. மீன் கிடங்குகளின் மேல்மாடிகளில் பாய்மரப் பாய்களை விரித்துத் தைப்பார்கள். அகலமான, தூண் குறுக்கிடாத கூடங்கள். அவை காலியாகிக்கொண்டிருந்தன, வாடகையும் குறைவு. போர்த்மியர் கடற்கரையை ஒட்டிய கிடங்குகளில் கடற்பக்கம் பார்த்துப் பெரிய ஜன்னல் வைத்தால் வடக்கு வெளிச்சம் கிடைக்கும். அவ்வளவு வடக்கே உள்ள ஊரில் வடக்கு ஜன்னலில் நேர்வெயில் பெரும்பாலும் விழாது. காலை முதல் மாலைவரை நிழல் பெரிதாக இடம் மாறாது. வரைபவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? “செயின்ட் ஐவ்ஸின் வெளிச்சம்” என்று எல்லாக் கையேடுகளும் உருகுகின்றன. அதில் பொய்யில்லை, ஊரைச் சூழ்ந்த கடலும் வெண்மணலும் ஒளியைத் திருப்பி வீசத்தான் செய்கின்றன. ஆனால் மலிவான மாடியும் ரயிலும் இல்லாமல் வெளிச்சம் மட்டும் ஓர் ஓவியர் ஊரை உண்டாக்கியிருக்காது என்பது என் எண்ணம்.

அப்படிப்பட்ட கிடங்குக் கட்டடம் ஒன்று இன்றும் நிற்கிறது. போர்த்மியர் ஸ்டுடியோஸ் என்று பெயர். மாடியில் ஓவியர்கள் வேலை செய்கிறார்கள். கீழே பழைய கிடங்குகளில் ஊர் மீனவர்கள் வலையும் நண்டுக் கூண்டும் வைத்துப் பழுதுபார்க்கிறார்கள். காட்சிக்காக வைத்த மீனவர்கள் அல்லர். காலையில் கடலுக்குப் போய்வருகிறவர்கள். 1949-இல் ஓர் அறக்கட்டளையின் பொறுப்புக்கு வந்ததால்தான் இந்தக் கட்டடம் பிழைத்தது. இல்லாவிட்டால் எப்போதோ கடல் பார்த்த விடுமுறை வீடுகளாகியிருக்கும். பென் நிக்கல்சன் இங்கேதான் வரைந்தார். 1959-இல் பிரான்சிஸ் பேக்கன் சில மாதங்கள் வாடகைக்கு இருந்தார். பாட்ரிக் ஹெரான், வில்ஹெல்மினா பார்ன்ஸ்-கிரகாம் என்று பட்டியல் நீளும். வேலை நடக்கும் இடம் என்பதால் எல்லா நாளும் உள்ளே விடமாட்டார்கள். நுழைய நேர்மையான வழி ஒன்று இருக்கிறது: 1938 முதல் நடக்கும் செயின்ட் ஐவ்ஸ் ஓவியப் பள்ளி இதே கட்டடத்தில்தான் இருக்கிறது. ஒரு நாள், அரைநாள் வகுப்புகள் உண்டு. பென்சில் பிடித்தறியாதவர்களையும் சேர்த்துக்கொள்வார்கள். உங்களுடைய மூன்று நாளில் ஒரு காலைப்பொழுதை இதற்குக் கொடுங்கள். வரைந்தது எப்படி வந்தாலும் சரி, அந்த ஜன்னலின் கீழ் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்த கண்ணோடு டேட்டுக்குள் போவது வேறு அனுபவம்.

அடுத்து, கட்டடத்துக்குப் பின்னால் பேக் ரோடு வெஸ்ட் என்ற தெருவில் நடங்கள். அங்கே ஒரு சிறிய வீட்டுச் சுவரில் ஆல்ஃபிரட் வாலிஸ் இங்கே வாழ்ந்தார் என்ற பலகை இருக்கும். இந்த ஊரில் ஒரே ஒருவரைத்தான் தெரிந்துகொள்ள நேரம் இருக்கிறது என்றால் இவரைத் தெரிந்துகொள்ளுங்கள்.

1855-இல் பிறந்தவர். சிறுவயதிலேயே கடலுக்குப் போனவர். இருபது வயதில், தன்னைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவரான சூசன் என்ற விதவையை மணந்தார். பிறகு செயின்ட் ஐவ்ஸில் பழைய கயிறு, பாய், இரும்பு வாங்கி விற்கும் கடை வைத்தார். 1922-இல் மனைவி இறந்தார். தனிமைக்குத் துணையாக, எழுபது வயதை ஒட்டி, வரையத் தொடங்கினார். பயிற்சி எதுவும் கிடையாது. மளிகைக் கடையில் கிடைத்த அட்டைப்பெட்டிகளைக் கிழித்து, படகுக்கு அடிக்கும் பெயின்ட்டால் வரைந்தார். அதனால்தான் அவருடைய படங்களில் நாலைந்து நிறங்களே திரும்பத் திரும்ப வரும். அட்டை கோணலாக இருந்தால் படமும் கோணல். வரைந்தது கண்முன் இருந்த துறைமுகத்தையல்ல, தன் இளமையில் பார்த்த பாய்க்கப்பல்களை. எது முக்கியமோ அது பெரிது: கப்பல் பெரிது, கலங்கரை விளக்கம் பெரிது, வீடுகள் தீப்பெட்டி. கப்பலின் கீழே வலையும் மீனும் தெரியும். நீருக்குள் இருப்பது மேலிருந்து தெரியாதே என்று கேட்காதீர்கள். அங்கே மீன் இருக்கிறது என்பது மீனவனுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

1928 ஆகஸ்ட் மாதம் பென் நிக்கல்சனும் கிறிஸ்டோபர் வுட்டும் இந்தத் தெரு வழியாகப் போனபோது திறந்திருந்த கதவுக்குள் சுவர் முழுவதும் ஆணியடித்து மாட்டியிருந்த அட்டைகளைப் பார்த்தார்கள். இருவரும் படித்த, நாகரிகமான, லண்டன் ஓவியர்கள். ஒரு படத்தில் ஆழம் காட்டும் வித்தையெல்லாம் கற்று, அதை எப்படிக் கைவிடுவது என்று திணறிக்கொண்டிருந்தவர்களுக்கு, அதைக் கற்றுக்கொள்ளாமலேயே வரைந்த ஒருவர் கிடைத்தார். வாலிஸின் படங்கள் லண்டனில் நண்பர்கள் கைக்குப் போயின. அவருக்குக் கிடைத்தது சில ஷில்லிங்குகள். 1942-இல் ஊருக்கு வெளியே மேட்ரன் என்ற இடத்தில், ஏழைகளுக்கான அரசு விடுதியில் இறந்தார். நண்பர்கள் தலையிட்டு அவரை ஏழைகள் குழியில் போடாமல் தடுத்தார்கள். போர்த்மியர் கடற்கரைக்கு மேலே பார்னூன் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய கல்லறையைக் குயவர் பெர்னார்ட் லீச் செய்த ஓடுகள் மூடியிருக்கின்றன: பெரிய கலங்கரை விளக்கம், அதன் வாசற்படியில் கைத்தடியோடு ஒரு சிறிய மனிதன். டேட் கட்டடத்துக்கு நேர் மேலேதான் அந்தத் தோட்டம். உயிரோடிருந்தபோது கொடுக்காததை இறந்தபின் கொடுத்த ஊர் என்று கசப்பாகச் சொல்லத் தோன்றும். சொல்லலாம், தவறில்லை.

வாலிஸை மனம் நிறையப் பார்க்க வேண்டுமானால் கேம்பிரிட்ஜில் உள்ள கெட்டில்ஸ் யார்டு என்ற வீட்டுக்கும் ஒருநாள் போய்வாருங்கள். அதன் உரிமையாளர் ஜிம் ஈட், வாலிஸ் தபாலில் அனுப்பிய கட்டுகளிலிருந்து வாங்கிச் சேர்த்தவர். லண்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மகளையும் அழைத்துப் போகலாம்.

இப்போது டேட்டுக்குள் போங்கள். 1993-இல் திறந்தது. பழைய எரிவாயு ஆலை இருந்த இடம்; வாயிலில் இருக்கும் வட்டமான முற்றம் அந்த எரிவாயுத் தொட்டியின் நினைவாக வைத்த வடிவம். 2017-இல் குன்றைக் குடைந்து விரிவாக்கினார்கள். வாலிஸ், நிக்கல்சன், சிற்பி ஹெப்வொர்த் ஆகியோருக்குப் பிறகு பீட்டர் லேன்யனின் படம் ஏதாவது மாட்டியிருந்தால் அதன் முன் சற்று நில்லுங்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் நிறைந்த இந்தக் கூட்டத்தில் இவர் இந்த ஊரிலேயே பிறந்தவர். நிலத்தை மேலிருந்து பார்க்க வேண்டும் என்று கிளைடர் என்ற இயந்திரமில்லா விமானத்தை ஓட்டக் கற்றுக்கொண்டார். கிளைடர் விபத்து ஒன்றில் காயமடைந்தே 1964-இல் இறந்தார். அவருடைய நீலப் பட்டைகளை அரூபம் என்று நினைத்தால் குழப்பம். காற்றில் சாய்ந்துகொண்டு கடற்கரையைப் பார்க்கிற ஒருவர் கண் என்று நினைத்தால் எல்லாம் தெளியும்.

பார்பரா ஹெப்வொர்த்தின் வீட்டைத் தவறவிடக் கூடாது. 1939-இல், போர் தொடங்கும் தறுவாயில், அப்போதைய கணவர் நிக்கல்சனோடும் ஒரே பிரசவத்தில் பிறந்த மூன்று குழந்தைகளோடும் இங்கே வந்தார். 1949-இல் ஊர் நடுவே ட்ரெவின் என்ற கற்பட்டறையை வாங்கி, 1975-இல் அங்கேயே ஒரு தீ விபத்தில் இறக்கும்வரை செதுக்கினார். மறு ஆண்டே அது அருங்காட்சியகமானது. உயர்ந்த சுவருக்குள் ஒரு தோட்டம். செடிகளுக்கு நடுவே அவரே நிறுத்திவைத்த வெண்கலச் சிற்பங்கள். சிற்பத்தில் ஏன் துளை போட்டார் என்று யாரும் விளக்க வேண்டாம். துளை வழியே பாருங்கள், பின்னாலிருக்கும் செடியும் வானமும் சிற்பத்தின் பகுதியாகிவிடும். பட்டறையில் உளிகளும் பாதி செதுக்கிய கற்களும் அப்படியே இருக்கின்றன. நியூயார்க்கில் ஐ.நா. கட்டடத்தின் முன் நிற்கும் ஆறு மீட்டருக்கு மேல் உயரமான சிற்பத்துக்கான பெரிய வேலைகளுக்கு இந்தப் பட்டறை போதவில்லை. எதிரே இருந்த பழைய நடனக் கூடத்தை வாங்கிக்கொண்டார். ஊர்த் தேவாலயமான செயின்ட் ஈயாவுக்குள் அவர் செதுக்கிய மாதாவும் குழந்தையும் இருக்கிறது. 1953-இல் விமானப்படையில் இறந்த மூத்த மகனின் நினைவாகச் செய்தது. அங்கே டிக்கெட் இல்லை, கூட்டமும் இல்லை.

மூன்றாவது, லீச் பாண்டப் பட்டறை. ஊர் நடுவிலிருந்து மேடேறி இருபது நிமிடம் நடக்க வேண்டும். அதனாலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். ஹாங்காங்கில் பிறந்து ஜப்பானில் வனைதல் கற்ற பெர்னார்ட் லீச், 1920-இல் ஜப்பானியக் குயவர் ஹமாடா ஷோஜியோடு வந்து இதை நிறுவினார். சரிவில் படிப்படியாக ஏறும் ஜப்பானிய முறைச் சூளையைக் கட்டினார்கள். மேலைநாடுகளில் அதுவே முதலாவது. அது இன்றும் அங்கே இருக்கிறது. கிண்ணம், குவளை, தட்டு என்று அன்றாடம் புழங்கும் பொருளிலேயே அழகு இருக்க வேண்டும் என்பது லீச்சின் பிடிவாதம். ஊரில் நூறு கடைகளில் கடற்காக்கை வரைந்த தேநீர்க் கோப்பைகள் கிடைக்கும். அவற்றை விட்டுவிட்டு இங்கே ஒரே ஒரு கிண்ணம் வாங்குங்கள். இரசம் ஊற்றிக் குடிக்கலாம்.

மற்ற காட்சிக்கூடங்களுக்கு இரண்டு பெயர் போதும். நார்வே சதுக்கத்தில் மாலுமிகளின் பழைய தேவாலயத்தில் இருப்பது செயின்ட் ஐவ்ஸ் ஓவியர் சங்கம், 1927-இல் தொடங்கியது. படகைப் படகாக வரைபவர்கள். பேக் ரோடு வெஸ்டில் பழைய மீன் பதனிடும் இடத்தில் இருப்பது பென்வித் கூடம். 1949-இல் சங்கத்தோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியேறிய நவீனர்கள் தொடங்கியது. இரண்டுக்கும் நடுவே சில நிமிட நடைதான். இன்றைக்கு வரைபவர்களின் படங்களை இரண்டிலும் பார்க்கலாம். செப்டம்பரில் இரண்டு வாரம் இசையும் ஓவியமுமாக ஊர்த் திருவிழா நடக்கும். அப்போது பல பட்டறைகளின் கதவு திறந்திருக்கும்.

கலை வந்ததால் ஊருக்கு என்ன ஆனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டவுனலாங் சந்துகளில் மாலையில் நடந்தால் பல வீடுகளின் வாசலில் சாவிப் பெட்டி தொங்குவதைப் பார்ப்பீர்கள். மீனவர் குடில்கள் விடுமுறை வாடகை வீடுகளாகிவிட்டன. ஊர்ப்பிள்ளைகளுக்கு ஊரில் வீடு வாங்க முடிவதில்லை. 2016-இல் ஊரார் வாக்கெடுப்பு நடத்தி, புதிதாகக் கட்டும் வீடுகளை நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கே விற்க வேண்டும் என்று விதி செய்தார்கள். வாக்களித்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஆதரித்தார்கள். விதி புதிய வீட்டுக்கு மட்டும் என்பதால் பணமுள்ளவர்கள் பழைய வீடுகளின் பக்கம் திரும்பினார்கள் என்ற குறையும் உண்டு. மலிவான மாடிக்காக ஓவியர்கள் வந்த ஊரில் இளம் ஓவியர் ஒருவர் இன்று தனியாக மாடி பிடிக்கவே முடியாது. அதனால்தான் போர்த்மியர் போன்ற அறக்கட்டளைக் கட்டடத்துக்கு இவ்வளவு மதிப்பு. நீங்கள் தங்குவதற்கு வாடகை வீட்டைவிட, குடும்பத்தினர் உடனிருந்து காலை உணவோடு நடத்தும் விடுதியைத் தேடுவது நல்லது.

போகும் வழி எளிது. லண்டன் பேடிங்டனிலிருந்து பென்சான்ஸ் ரயிலில் ஏறி, ஐந்து மணி நேரம் போல் பயணம் செய்து, செயின்ட் எர்த்தில் இறங்கி, சிறிய கிளை ரயிலுக்கு மாற வேண்டும். அதில் வலப்பக்கம் உட்காருங்கள். கால் மணி நேரத்துக்குக் கழிமுகமும் கடற்கரையும் ஜன்னலோடு வரும். இரவு ரயிலும் உண்டு, சனிக்கிழமை தவிர. டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கினால் விலை பாதியாகக்கூடக் குறையும். கார் வேண்டவே வேண்டாம். அந்தச் சந்துகளில் காரோடு மாட்டிக்கொண்டவர்களின் முகத்தைப் பார்த்தாலே புரியும்.

ஜூலை மூன்றாம் வாரத்துக்குப் பிறகு பள்ளி விடுமுறை; தெருவில் தோளோடு தோள் உரசும். ஜூன், அல்லது செப்டம்பர் சிறந்தது. குளிர்காலத்தில் விடுதி மலிவு, ஆனால் பல இடங்கள் மூடியிருக்கும். திறப்பு நாட்களைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். ஓதத்தின் நேரத்தையும் பாருங்கள். நம் கிழக்குக் கடற்கரையில் நீர் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவுதான். அங்கே பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஆறு மீட்டர்வரை போகும். காலையில் மிதந்த படகுகள் மதியம் மணலில் சாய்ந்து கிடக்கும். துறைமுகத்துக்குள்ளேயே நடந்து போகலாம். 1770-வாக்கில் பொறியாளர் ஸ்மீட்டன் கட்டி முடித்த பழைய அலைதடுப்புச் சுவரை அப்போது கீழிருந்து பாருங்கள்.

சாப்பாடு: மாவை மடித்துச் சுடும் கார்னிஷ் பாஸ்டியில் மரபுப்படி மாட்டிறைச்சி இருக்கும், வேண்டாதவர்களுக்குப் பாலாடைக்கட்டியும் வெங்காயமும் வைத்தது கிடைக்கும். நண்டு சாண்ட்விச் அருமை. தூண்டிலில் பிடித்த மேக்கரல் கிடைத்தால் விடாதீர்கள். நம் கானாங்கெளுத்தியின் சொந்தக்காரன், எண்ணெய்ப் பசை இன்னும் அதிகம். எதைத் தின்றாலும் சுவருக்கு முதுகைக் கொடுத்துத் தின்னுங்கள். அந்த ஊர்க் கடற்காக்கைகள் பின்னாலிருந்து வந்து கையில் இருப்பதைப் பறித்துப் போய்விடும். நம் ஊர்க் காகம் அதன் முன் சாது.

மூன்றாம் நாள் பஸ் பிடித்துப் பென்சான்ஸ் வழியாக நியூலின் போய்வாருங்கள். செயின்ட் ஐவ்ஸில் மீன்பிடிப்பு இன்று சில சிறு படகுகளோடு சரி. நியூலின் இங்கிலாந்தின் பெரிய மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்று. பனிக்கட்டி லாரியும் டீசல் வாடையும் உள்ள, யாருக்காகவும் அலங்கரித்துக்கொள்ளாத துறைமுகம். இங்கேயும் ஓவியர் கூட்டம் ஒன்று இருந்தது, செயின்ட் ஐவ்ஸ் நவீனர்களுக்கு அரை நூற்றாண்டு முன்பே. வால்டர் லாங்லி, 1884-இல் வந்த ஸ்டான்ஹோப் ஃபோர்ப்ஸ் முதலியோர். இவர்கள் மீனவர்களையே நேரில் நிறுத்தி வரைந்தவர்கள்: கரையில் ஏலம், திரும்பாத படகுக்குக் காத்திருக்கும் பெண்கள். இவர்களுடைய படங்கள் பலவற்றைப் பென்சான்ஸில் உள்ள பென்லீ ஹவுஸ் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ஓவியம் தெரியாது என்று எழுதியிருந்தீர்களே, இவற்றுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படாது. லண்டன் ரயில் பென்சான்ஸிலிருந்தே புறப்படுகிறது. பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டால் செயின்ட் ஐவ்ஸுக்குத் திரும்பவும் வேண்டியதில்லை.